மேற்கு எந்தப் பக்கம்?

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது மயிலாப்பூரில், 1946 மார்ச்சில், பட்டப்பகலில் நடந்தது.

அஸ்மத்துன்னிசா கணவனை இழந்தவள். இருந்ததையெல்லாம் போட்டு அவள் வாங்கிய பழைய வீட்டில் ஓர் அறையின் தரை மட்டும் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதைச் சரிசெய்ய வந்த இரண்டு கொத்தனார்கள் பாதியில் ஓடிவிட்டார்கள்.

"பேய் வீடு பாபி. வெள்ளிக்குள்ள தரைக்குக் கல்லு போட முடியலேன்னா வித்துடலாம்," என்று கொழுந்தன் இனாயத் கெடு வைத்தார்.

"பேயாவது பிசாசாவது! போய் வேலையைப் பாருங்க," என்றாள்.

மூன்றாவதாக வந்த கொத்தனார் ஹனீஃபா, பழைய காரையைக் கொத்தி எடுத்தார். நான்கு மூலையிலும் மட்டத்துக்கு ஓட்டுச்சில் வைத்து, நூல் கட்டி, சாந்து பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இம்மி பிசகில்லை. அவள் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாலை 4.40. உள்ளே... தப். தப்.

திறந்தால், ஈரச் சாந்தில் ஐந்து பள்ளங்கள். இரண்டு முட்டி, இரண்டு உள்ளங்கை, ஒரு நெற்றி.

ஹனீஃபா குனிந்து பள்ளங்களைத் தொட்டுப் பார்த்தார். "யாரோ தொழுதுகினு இருந்திருக்காங்க பீபி... ஆனா கெழக்கால பாத்துகினு! மக்கா இருக்கறது மேக்கால, நம்மாளு எவன் கெழக்க பாத்துத் தொழுவான்?"

"இழுத்து மட்டம் பண்ணுங்க."

மறுநாளும் 4.40. அதே ஐந்து பள்ளங்கள். ஹனீஃபா பூச்சுக் கரணையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

வியாழன். அவளே நூல் கட்டிச் சாந்து பரப்பினாள். கதவை உள்ளே தாழிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

4.38. காற்றே இல்லை. நூல் அதிர்ந்தது.

தப்.

ஒரு பள்ளம். ஆளில்லை...

தப்...

 அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"இது என் வீடு! நான் போகமாட்டேன். தொழணும்னா தொழு, யார் வேணாம்னா? மேற்கு இந்தப் பக்கம்!" மேற்குச் சுவரை ஓங்கி அறைந்தாள்.

சத்தம் நின்றது.

அப்புறம்... மெதுவாக... அந்தச் சுவரைப் பார்த்து...

ஐந்து புதுப் பள்ளங்கள்.

வெள்ளி காலை அவளே போய் ஹனீஃபாவை இழுத்து வந்தாள். பொழுது சாய்வதற்குள் பூப்போட்ட சிமெண்டுக் கல் பதித்தாயிற்று. ஒரு கல்கூட அசையவில்லை. வீட்டை விற்கும் பேச்சை இனாயத் அதோடு விட்டார்.

மறுவாரம் மீன் கொண்டுவந்த முத்தம்மா, அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கிவைத்தாள்.

"நாப்பத்திரண்டுல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலியாச்சே, அப்போ இங்க இருந்தவங்க, கண்ணு தெரியாத ஒரு பொம்பளையக் கூட்டியாந்தாங்கம்மா. மறுநாளே அதை இந்த ரூம்ல வெச்சிப் பூட்டிட்டு ஓடிட்டாங்க; பொணமா எடுத்தப்போதான் எங்களுக்கே தெரிஞ்சிது. 'மேற்கு எந்தப் பக்கம்?'னு நாலு நாளு கத்திகினே இருந்துச்சி. பூட்டின வூடாச்சே... பேயின்னு பயந்து, ஊர்ல மிஞ்சின நாங்க யாரும் பதில் சொல்லல."