சொட்டுகிற குழாய்

தொண்ணூறுகளில் லண்டன் குட்மேய்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டுச் சமையல் குசினியில் தண்ணீர் ஹீட்டரைப் பொருத்தியது என் மனைவிதான். அதற்கென்றே மாலை வகுப்புக்குப் போனவள். ஒவ்வொரு குழாய் மூட்டிலும் டிஷ்யூவை ஒற்றிப் பார்த்தாள், எங்குமே ஈரமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தண்ணீர் சூடேறியதும், வெளிச்சுவரில் அவள் விட்டிருந்த சிறு குழாய் சொட்டத் தொடங்கியது. கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவன் நான்; தண்ணீர் வீணாவதைப் பார்க்கப் பொறுக்காது. கார்க் ஒன்றைத் தேடியெடுத்து அடைக்கப் போனேன்.

“இஞ்சேருங்கோ, கையை எடுங்கோ! சூடேறின தண்ணி பெருகும். போக வழி இல்லாட்டி ஹீட்டர் வெடிக்கும்.”

“அப்ப சும்மா ஓடட்டுமோ?” என்று சீறினேன்.

மறுநாள் பார்த்தால், குழாயில் முட்டாமல் கீழே ஒரு வாளி. என் தக்காளிச் செடிகளுக்காம். என் கஞ்சத்தனம் போகவும் ஒரு வழி விட்டிருந்தாள்.