வீட்டிலிருந்து திறக்காத பக்கம்

எங்கள் கல்லூரி நூலகரை, அவருக்கு உதவியாளரான நான் உட்பட, எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முன்கோபி. ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆளே மாறிவிடுவார். அஞ்சல்வழியிலும் ஆன்லைனிலும் படிக்கிறவர்களுக்கு, கல்லூரி சந்தா கட்டி வைத்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுப்பது எப்படி என்று திரையில் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் ஆன்லைன் வகுப்பு அது. இரவு வேலை முடிந்து களைத்து வீடு திரும்பியவர்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள். அவர்களிடம் மட்டும் அக்காவுக்குக் குரலே உயராது. நூலகத்து மேசையில் உட்கார்ந்து, தேடும் சொல்லைத் தட்டி, தலைப்பை அழுத்துவார். கட்டுரை சட்டென்று திறக்கும். "அவ்வளவுதான், சுலபம்" என்பார்.

அந்த வகுப்பில் ஒரு நர்ஸ் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். பட்டம் வாங்கினால் வார்டுக்கே பொறுப்பாளர் ஆகலாம். படிப்பை முடிக்க இருந்த ஆறு வருடக் கெடுவில் அதுதான் கடைசி வருடம். புராஜெக்ட் அறிக்கை ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பத்துக் கட்டுரைகளாவது படித்தாக வேண்டும். "எனக்குத் திறக்கவில்லை மேடம்" என்று மெயில் எழுதினார். அக்கா அடுத்த வாரம் முதலிலிருந்து காட்டினார். மறுபடி அதே மெயில். மறுபடியும் காட்டினார். அப்படியும் மூன்றாவது மெயில் வந்ததும், வகுப்பின் வீடியோவை அனுப்பிவிட்டு என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"இதுக்கு மேல எப்படிம்மா சொல்றது? கவனிச்சாத்தானே?"

"அதானேக்கா" என்று நானும் ஒத்து ஊதினேன். வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்திருக்கலாம். இரண்டு நாளில் நர்ஸிடமிருந்து ஒரு வரி வந்தது: "நன்றி மேடம், புரிந்தது." அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு.

நாலு மாதம் கழித்து அக்கா படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். அந்த வாரம் வீட்டிலிருந்தே வகுப்பு. தலைப்பை அழுத்தினார். கட்டுரை வரவில்லை. கடவுச்சொல் கேட்டு ஒரு காலிப் பெட்டி வந்து நின்றது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிக் கணினிகளில் எல்லாம் தானாகத் திறக்கும். வெளியே இருந்தால் கடவுச்சொல் வேண்டும். எங்களுக்குத் தெரியாததா? உள்ளேயே உட்கார்ந்து காட்டிக் காட்டி, மறந்தே போனோம். அதைவிடக் கொடுமை, வெளி மாணவர்களின் கடவுச்சொற்கள் என் பொறுப்பில்தான் இருந்தன. கேட்டால் கொடுப்பது வழக்கம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்களன்று நொண்டிக்கொண்டே வந்த அக்கா முதல் வேலையாக நர்ஸுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அறிக்கை குடுத்துட்டீங்களாம்மா?"

"இல்ல மேடம். கெடு போன மாசமே முடிஞ்சிருச்சு. பேரை எடுத்துட்டாங்க."

அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "தப்பு முழுக்க எங்க மேலம்மா. புரிஞ்சுதுன்னு எழுதினீங்களே, நம்பிட்டேன்."

"அவ்வளவு பொறுமையா காட்டினீங்க மேடம். அதுக்கப்புறமும் கேக்க வெக்கமா இருந்துச்சு. நம்ம மண்டையில இதெல்லாம் ஏறாதுன்னு விட்டுட்டேன். வீட்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

பிறகு அவரே கேட்டார்.

"அப்போ எனக்குப் படிப்பு வந்திருக்கும், இல்ல மேடம்?"

"வந்திருக்கும்மா" என்றார் அக்கா. வேறு என்ன சொல்வார்?