தள்ளிவிட்ட கை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கோடை முடியும் தறுவாயில், திருவொற்றியூரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தின் முற்றத்தில் நிகழ்ந்தது இது. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மனைவி அங்கே பராமரிப்பில் இருந்தாள். எழுபதைக் கடந்த என்னால் அவளைத் தூக்கவும் கிடத்தவும் இயலவில்லை. ஆதலின் காலையில் சென்று அவளோடு உண்டு, மாலையில் வீடு திரும்புவதே என் வழக்கமாயிற்று. பேச்சு அவளுக்கு ஓரிரு சொற்களாகவே எஞ்சியிருந்தது.

அந்நாள்களில் இல்லத்தின்மேல் புதிய மாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் இயந்திரக் கப்பி ஒன்றைப் பொருத்தி, இரும்புக் கூடையில் செங்கல்லும் மணலும் ஏற்றுவர். அதன் இரைச்சலில் அருகிருப்பவர் பேச்சும் கேளாது. ஆயினும் கடற்காற்று தவழும் இடம் அந்த முற்றம் ஒன்றே என்பதால் முதியவர்களின் நாற்காலிகளை அங்கேயே போட்டுவைப்பார்கள்.

அப்போது புதிதாக ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். நெடிய, எலும்பு திரண்ட உடல். நினைவு முற்றும் குலைந்து, தம் பெயரையும் அறியாதவர். சில நாள்களிலேயே அவர்மேல் முறையீடுகள் குவிந்தன. அமைதியாக உலாவிக்கொண்டிருப்பவர் திடுமென ஓடிவந்து யாரையேனும் பிடித்துத் தள்ளுவார். ஒரு நாள் என் மனைவியின் சக்கர நாற்காலியைப் பற்றி இழுத்துச் சென்று சுவரில் மோதவிட்டார். அவளுடைய முழங்கை சிராய்த்துக் குருதி கசிந்தது.

அங்கிருந்த முதியவர்களின் உறவினர் அனைவரும் தலைமைச் செவிலியரைச் சூழ்ந்துகொண்டோம். தாயாரை அங்கே சேர்த்திருந்த நெல்லைப் பக்கத்து மளிகை வணிகர் ஒருவர், "ஒரு மாத்திரயக் குடுத்துப் படுக்கப் போடுங்கம்மா. அவருக்கும் சொகம், நமக்கும் சொகம்லா" என்றார்.

"அது இங்க நடக்காதுங்க. கயித்தால கட்டிப்போடறதும் மருந்தால கட்டிப்போடறதும் எங்களுக்கு ஒண்ணுதான்" என்றார் செவிலியர்.

பின்பு அவ்வில்லத்தின் விதியைப் பொறுமையாக எடுத்துரைத்தார். பிறருடைய வசதிக்காக ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்துதல் கூடாது. அவர் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதை முதலில் ஆராய வேண்டும். மற்ற வழிகளெல்லாம் பயனற்று, தீங்கு நேரும் என்ற நிலை வந்தால்தான், மருத்துவர் நேரில் பார்த்து, குடும்பத்தாருக்கு விளக்கி, மிகக் குறைந்த அளவில், குறித்த காலத்துக்கு மட்டும் மருந்து தரலாம்.

"ஆராயறதுக்குள்ள எங்கம்மா இடுப்பு ஒடிஞ்சா நீங்களா ஒட்டவைப்பீய?" என்று வணிகர் பொருமினார். அவருடைய அச்சத்தையும் தவறென்று சொல்ல இயலாது. காயம்பட்டவள் என் மனைவி என்பதால் எல்லார் பார்வையும் என்மீது திரும்பியது.

அப்பொழுது அந்தப் பெரியவரின் மகள் வந்தார். இராயபுரத்தில் இட்லிக் கடை நடத்துபவர். என் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"சார், கொஞ்சம் பொறுத்துக்கோ சார். முன்னாடி இருந்த எடத்துல மாத்திர போட்டுப் போட்டு எங்க நைனாவ கட்டையாட்டம் ஆக்கிட்டாங்கோ. வாயில வெச்ச சோத்த முழுங்கத் தெரியல. என் மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்புகூட இல்ல. அத்த தாங்காமதான் இங்க இட்டாந்தேன்."

நான் மனைவியை நோக்கினேன். அவள் இடக்கையை மெல்ல உயர்த்தினாள். "அடிக்கல... மேலே... பார்த்தார்" என்றாள்.

தலைமைச் செவிலியர் அம்மூன்று சொற்களையும் வீணாக விட்டுவிடவில்லை. அடுத்து வந்த நாள்களில் அவரும் பணியாளர்களும் பெரியவரைக் கண்காணித்தனர். கட்டட வேலை நடவாத ஞாயிறன்று அவர் எவரையும் தொடவில்லை. வேலை நாளிலும் ஓரத்தில் இருந்தவர்களை நெருங்கவில்லை. கூடை மேலெழும் பொழுது, அதற்கு நேர் கீழே இருந்தவர்களை மட்டுமே தள்ளினார்.

பிறகு முற்றத்தில் எங்கள் முன்னிலையில் செவிலியர் மகளிடம் கேட்டார். "உங்கப்பா என்ன வேலை பாத்தாரு?"

"ஆர்பர்ல. கப்பல்லேர்ந்து சரக்கு எறக்கச்சொல்ல கிரேன்காரனுக்குக் கை காட்டுவாரு."

"அப்ப எதுக்கு ஆளுங்களத் தள்றாரு?"

"அங்க இன்னா, கூப்ட்டா காதுல வுழுமா சிஸ்டர்? தலைக்கு மேல சரக்கு தொங்கச்சொல்ல எவனாவது கீழ நின்னா, மொதல்ல புட்ச்சித் தள்ளி வுட்டுட்டு அப்பாலதான் பேசுவாங்கோ. அதான் அங்க பழக்கம்."

நாங்கள் அனைவரும் ஒருசேர மேலே பார்த்தோம். செங்கல் நிறைந்த கூடை, நாற்காலிகளுக்கு நேர் மேலே, ஒற்றைக் கம்பிவடத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முதலில் ஓடித் தம் தாயாரின் நாற்காலியை அப்புறம் இழுத்தவர் அந்த மளிகை வணிகரே.

அன்றே நாற்காலிகளெல்லாம் வாயிற்பக்கத் தாழ்வாரத்துக்கு மாறின. கூடை இறங்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. மருத்துவர் வந்து பெரியவரைச் சோதித்து, மருந்து எதுவும் வேண்டியதில்லை என்றார். செவிலியர் பெரியவரின் தோளைப் பற்றிக் கயிற்றுக்கு வெளியே, பாதுகாப்பான தொலைவில் நிறுத்தினார்.

மேல்தளத்தில் கப்பியை இயக்கிய இளைஞர், பெரியவரின் பழைய வேலையைக் கேள்விப்பட்டு, எட்டிப் பார்த்து நகைத்தார். "இன்னா பெருசு, நீ கை காட்னாதான் தூக்கணுமா? சரி, காட்டு பாப்போம்!"

பெரியவர் உடனே கை காட்டவில்லை. நாற்புறமும் நோக்கினார். கயிற்றருகே நின்ற என்னை ஓரடி பின்னே போகுமாறு கண்ணாலேயே பணித்தார். நான் கீழ்ப்படிந்தேன். அதன்பின் அவர் முதுகு நிமிர்ந்தது. வலக்கை உயர்ந்தது, சுட்டுவிரல் வானை நோக்கிச் சிறு வட்டமிட்டது. கூடை எழுந்தது. காற்றில் அது அசையத் தொடங்கியதும் உள்ளங்கையை விரித்து நீட்டினார், கூடை நின்றது. ஆட்டம் அடங்கும்வரை அக்கை நடுங்காமல் அந்தரத்தில் நின்றது. உணவுக் கரண்டியைப் பிடிக்கும்போது நடுங்கும் அதே கை! மீண்டும் விரல் சுழன்றது. பின்னர் வெறுங்கூடை இறங்குகையில் அவருடைய விரல்கள் மெல்ல மெல்லத் தாழ, கூடை தரையைத் தொட்ட ஓசைகூட எழவில்லை.

மேலிருந்த இளைஞர் நகைப்பை மறந்து தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தலைவா! இம்மாம் நாளு எங்க இருந்த நீ?" என்று கூவினார். மகள் அழுதுகொண்டே சிரித்தார். தாழ்வாரத்திலிருந்து பார்த்த என் மனைவி, "கெட்டிக்காரர்" என்றாள். அவள் வாயிலிருந்து அத்தனை பெரிய சொல் தெளிவாக வந்து நெடுநாளாகியிருந்தது.

கட்டடம் முடியும்வரை, வேலை நாள்களில் ஒரு பணியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பெரியவர் அங்கே நின்றார். கப்பியைக் கழற்றிச் சென்ற பிறகு சில நாள்கள் மேலே பார்த்தபடி உலாவினார். பிறகு அதுவும் நின்றது. யாரையும் தள்ளவில்லை. தம் பெயரோ மகளின் பெயரோ இறுதிவரை அவர் நினைவுக்குத் திரும்பவில்லை. ஆனால் மகள் ஊட்டும் இட்லியை மென்று விழுங்கினார். மகளின் முகம் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

மொழியும் நினைவும் விடைபெற்றுச் சென்ற பின்னும், பிறர் உயிரைக் காக்கும் கடமை ஒரு மனிதரின் கைகளில் குடியிருந்ததைக் கண்ட வியப்பு இன்றும் எனக்குத் தணியவில்லை. அன்று ஒரு மாத்திரையால் அவரை உறங்க வைத்திருந்தால், அந்த முற்றத்தில் விழித்திருந்த ஒரே மனிதரையன்றோ உறங்க வைத்திருப்போம்!