தெர்மாகோலைச் சுரண்டிய ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமை அக்கா வேலையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜனக்புரி வாடகை வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் இருவரும் குப்புறப் படுத்து, செங்கல் அடுப்பின் வாய்க்குள் கையை விட்டுத் தெர்மாகோலைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். ரொட்டி சுட்டு விற்பது அவள் திட்டம். வீட்டுக்கார ஆன்ட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தெர்மாகோலை எடுத்த பிறகும் அடுப்பு நிற்க வேண்டும். விழுந்தால் அந்த இடத்தில் தண்ணீர் டேங்க்.

அரை உருண்டையாக வெட்டிய தெர்மாகோலின் மேல்தான் கல்லை அடுக்கியிருந்தோம். அடியில் நாலு ஆப்பு வைத்திருந்தால், அதை உருவியதும் தெர்மாகோல் மொத்தமாக இறங்கியிருக்கும். வைக்கவில்லை. வீடியோவில் அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிய புத்திசாலி நான்தான். அதனால் பிரெட் கத்தியால் பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளை மணிகள் புருவத்தில், காதில், பல்லிடுக்கில்.

"டேய், லெஃப்ட்ல சுரண்டு. தூங்கிட்டியா?"

"தோள்பட்டை மட்டும் தூங்குது."

பாதி வெளியே வந்தபோது அவள் மணிக்கட்டில் சொத்தென்று எதுவோ விழுந்தது. சாந்து. பிசைந்த சப்பாத்தி மாவு போல ஈரம். கட்டிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.

"இது எப்படிடா காயல?"

டீ கொண்டுவந்த அம்மா, டம்ளர்களைக் கீழே வைத்தாள். "நான்தான் தினமும் ஊறவெச்சேனே. நீங்க ஆபீஸ் போனதும் தார்ப்பாயைத் தூக்கிட்டு ரெண்டு பக்கெட்."

"ரெண்டு பக்கெட்டா!"

"புதுசாக் கட்டினா தண்ணி விடணும்டி. ஊர்ல வீடு கட்டறப்ப இருபத்தோரு நாள் விட்டேன். ஒரு விரிசல் உண்டா?"

அது சிமென்ட். இது களிமண்ணும் மணலும், காயக் காயத்தான் பிடிக்கும். அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"டீ ஆறுது, குடும்மா."

மிச்சத் தெர்மாகோலை உள்ளேயே விட்டுக் காயவைக்கலாம் என்றேன். நவம்பர் புகையில் எந்த வெயில் காயவைக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அவள் பதில் சொல்வதற்குள் உச்சிக்கல் நழுவி விழுந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று. பெரிய சத்தம்கூட இல்லை.

படியேறி வந்த ஆன்ட்டி, "அரே பேட்டா, கிர் கயா?" என்றார். நான் ஓட்டையை முதுகால் மறைத்து நின்றேன்.

"கிர் கயா, ஆன்ட்டி," என்றாள் அக்கா. விழுந்துடுச்சு, அவ்வளவுதான்.

ஆன்ட்டி திட்டவில்லை. அக்காவின் முடியிலிருந்து நாலு மணிகளைத் தட்டிவிட்டு, நாளைக்கு டேங்க்காரனை வரச் சொல்வதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

கற்களைப் பிரித்தோம். உளியே தேவைப்படவில்லை. தொட்டாலே கழன்று வந்தன, கழுவினால் புத்தம் புதுசு. அதுதான் இன்னும் கடுப்பேற்றியது.

அம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல் சுமந்தாள். கடைசியில், பழக்கதோஷத்தில், "நாளைக்கு உன்னை ஆறரைக்கு எழுப்பவாடி?" என்றாள்.

"எழுப்பாதம்மா," என்றாள் அக்கா, அடுத்த கல்லை எடுத்துக்கொண்டே.