தவலைக்குள் கேட்ட கதை

சின்னசேலத்தில் எங்கள் வீட்டில் மதியம் ஒரு மணி நேரம், நான்கு வயது மகள் நிலாவுக்குக் கைபேசியில் ஆடியோ புத்தகம் போட்டுவிடுவேன். மின்விசிறி இரைச்சலில் கதை சரியாகக் கேட்காது. அதனால் ஒருநாள் கைபேசியைக் காலிப் பித்தளைத் தவலைக்குள் வைத்தேன். குரல் கணீரென்று ஒலித்தது. நான் துணி உலர்த்தப் போனேன்.

திடீரென்று அலறல். ஓடிவந்தால், மகளின் தலை தவலைக்குள்! உள்ளே கைபேசிக்கு யாரோ அழைக்க, மணி அடித்துக்கொண்டிருந்தது. இழுத்தேன். காது மாட்டிக்கொள்ள, இன்னும் திமிறினாள். மணி நின்றதும் கதை தானாகத் தொடர்ந்தது. அழுகையும் நின்றது!

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, "இன்னாத்துக்கு இழுக்கிறீங்க? கதை ஓடிக்கினு இருக்கும்போதே எடுத்துடலாம். எண்ணெ கொண்டாங்க!" என்றார்.

"சும்மா இருங்க, நரி வருது!" என்றது தவலை, நிலாவின் குரலில்.

கழுத்தைச் சுற்றி எண்ணெய் விட்டு, காதுகளை மடக்கி, மெல்லத் திருகினோம். இன்னொரு அழைப்பு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். நரி பாயப்போகும் நேரத்தில் தலை வெளியே வந்துவிட்டது!

"ஏம்மா எடுத்தே? நரி இன்னா ஆச்சின்னே தெரில!" என்று கோபித்துக்கொண்டாள்.

இப்போது கதையை முன்பே பதிவிறக்கி, அழைப்பு வராதபடி செய்து, கைபேசியை அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறேன். மின்விசிறியைக் குறைத்துவிடுகிறேன். தவலையைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.