முப்பத்துநாலு சீட்டு

அந்தத் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வேலை அட்டவணைக்குக் கட்டம் போடுகிறவர் என்பதால் கட்டத்தார். அவரும் அதைப் பட்டம்போல் சுமந்து திரிந்தார். கணக்கில் அப்படி ஒரு கர்வம்!

பெயின்ட் அடிக்கும் அறைக்குள் அடுத்தடுத்து இரண்டு நாள் யாரும் போகக்கூடாது, நெடி நுரையீரலைப் பதம் பார்த்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாரத்தில் ஏழு நாளும் வேலை. உள்ளே, வெளியே என்று ஓர் ஆளுக்கு எத்தனை விதமாகக் கட்டம் போடலாம்? கடைசி நாள் வெளியே என்றால் முந்திய நாட்களில் புதுக் கட்டுப்பாடு இல்லை. உள்ளே என்றால் அதற்கு முந்திய நாள் வெளியே இருந்தே தீரவேண்டும். ஆகவே ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்திய இரண்டின் கூட்டல். ஒரு நாளுக்கு இரண்டு விதம், இரண்டு நாளுக்கு மூன்று, பிறகு ஐந்து, எட்டு, பதின்மூன்று, இருபத்தொன்று. ஏழு நாளுக்கு முப்பத்துநாலு. ஆட்களும் முப்பத்துநாலு பேர். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆளுக்கொரு சீட்டு, குலுக்கல் முறை, மூன்று மாதத்துக்கு வாராவாரம் அதே கட்டம். ஆனால் ஒரு சீட்டை மட்டும் உள்ளங்கையில் ஒளித்துவைத்து, மனைவியின் தம்பி முறை வந்தபோது அவன் கைக்கு நழுவவிட்டார். திங்கள் உள்ளே, ஞாயிறு உள்ளே, நடுவில் ஐந்து நாள் நல்ல காற்று. உள்ளேயே போகாத சீட்டைக் கொடுத்தால் எல்லாரும் சிரிப்பார்கள். இது கண்ணை உறுத்தாது. மூச்சிரைப்புக்காரன், பிழைத்துப்போகட்டும் என்ற பாசம்தான்.

இரண்டாவது திங்கள் காலை அவன் வந்து நின்றான்.

"மாமா, நேத்தும் நான்தானே உள்ள இருந்தேன்?"

"அது போன வாரம் மாப்ள. இது புது வாரம். கட்டத்துல இருக்குல்ல, போ."

மதியம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டத்தார் விரல்விட்டு எண்ணினார். ஞாயிறும் திங்களும் உள்ளே வரும் சீட்டுகள் ஐந்து. வாரத்தை வெட்டிப் பார்த்தவருக்கு வாரங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியவில்லை. போன் போட்டு அந்தச் சீட்டு விழுந்த மற்ற நாலு பேரையும் வெளியே இழுக்கச் சொன்னார்.

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"குலுக்கல்ல என் தம்பிக்குன்னு பாத்தா அந்தச் சீட்டு வரணும்?"

உள்ளே அவன் இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது.

"குலுக்கல்ல வரல," என்றார். "நான்தான் குடுத்தேன்."

தோளிலிருந்து அவள் கையை எடுத்துக்கொண்டாள்.