வெல்டாவிடம் நான் சொன்ன பொய்

ஹூஸ்டனில் எங்கள் தெருவில் வாய் அதிகம் வெல்டாவுக்குத்தான். பத்திரிகைக்காரர்கள் வந்தால் விண்வெளி வீரர்களின் மனைவிகள் நாங்கள் எல்லோரும் முத்துமாலை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுவோம். அவள் மட்டும், "நிலாவுக்குப் போவாராம், குப்பைத் தொட்டிய வாசல் வரைக்கும் கொண்டுபோக மாட்டாராம்" என்று புருஷனைப் போட்டுக்கொடுப்பாள். எனக்குப் பிரசவமானபோது மூன்று வாரம் என் வீட்டில் சமைத்துத் துவைத்துப் போட்டவளும் அவள்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய கணவர் செத்தாலும் செய்தியை இன்னொரு வீரர்தான் நேரில் வந்து சொல்ல வேண்டும். அவர் வரும்வரை எங்களில் ஒருத்தி போய், வாயைத் திறக்காமல், செத்தவரின் மனைவி ரேடியோவையும் தொலைபேசியையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை இரக்கம் என்று நினைத்தோம்.

அறுபத்தைந்து செப்டம்பரில் ஒரு பயிற்சி விமானம் விழுந்தது. ஓட்டியவர் வெல்டாவின் கணவர் கிளைட். என்னைப் போகச் சொன்னார்கள்.

"செத்தது யாருடி?" என்றாள் கதவைத் திறந்ததுமே.

"சும்மாதான் வந்தேன்."

"காலைல பத்து மணிக்கு உதட்டுச்சாயம் இல்லாம நீ சும்மா வருவியா? கிளைடா? சொல்லித் தொலை."

தொலைபேசியை எடுக்கப் போனாள். பயத்தில், எங்களில் இன்னொருத்தியான டோரீனின் பெயர் வாயில் வர, "இல்லடி, டோரீன் வீட்டுக்காரர்" என்று உளறிவிட்டேன்.

அவள் நாற்காலியில் சரிந்தாள். "அப்பாடா. நல்லவேளை கடவுளே" என்று சிரித்தே விட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "நான் ஒரு பாவி. பாவம் டோரீன்" என்று எழுந்து, அவள் வீட்டுக்குக் கொடுக்கக் கோழிக்கறி சமைக்க ஆரம்பித்தாள். நான் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் அந்தக் கொடுமை நடந்தது.

கதவைத் தட்டியவர் டோரீனின் கணவர்.

வெல்டா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அழக்கூட இல்லை.

அவள் 'நல்லவேளை' என்றதை நான் தெருவில் ஒருத்தியிடம் சொன்னேன். செத்தது டோரீன் வீட்டுக்காரர் என்று வெல்டா தானாகவே நினைத்துக்கொண்டாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பரவியது. விதவை ஒருத்தி எங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நாளை நம் வீட்டிலும் இதுதானோ என்று எங்களுக்கு ஏற்கெனவே தோன்றிக்கொண்டிருந்தது. அவளை ஒதுக்க ஒரு சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டோம்.

அடுத்த மாதம் என் வீட்டில் காபிக்குக் கூடியிருந்தோம். அழைக்காமலே வந்தாள் வெல்டா.

"எனக்கு இந்த ஊர்ல உங்கள விட்டா யாரும் இல்ல" என்றாள். "என் புருஷன் செத்தா நல்லவேளையான்னு டோரீன் கேட்டாளாமே." என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு அது டோரீன் வீட்டுக்காரர்னு யாரு சொன்னா? நீயே சொல்லு. அது போதும் எனக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மார்ச் மாதம் என் கணவர் ராக்கெட் ஏறவிருந்தார். அந்த நாட்களில் என் பக்கத்தில் உட்கார எனக்கு இந்தப் பெண்கள் வேண்டும்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே, வெல்டா" என்றேன்.